மடுத்தீனின் பச்சை அட்டை

அத்தியாயம் 14

"சனிக்கிழமையும் அதுவுமாய்க் கடையை விட்டிட்டுப் பந்தடிக்கப் போற கடைக்காரனை நீ எங்கையாவது கண்டிருக்கிறியா பிள்ளை?"

மரியநாயகி கேட்ட கேள்விக்குக் கஜானி பதில் சொல்லவில்லை. ஆட்டிறைச்சி ரோல்ஸை முட்டையில் தோய்த்து, தூளில் புரட்டித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் கற்றுக்கொண்டது ஒன்றுண்டு. புருஷன் பெண்சாதிக்கு நடுவில் வாய் திறந்தால் இரண்டு பக்கத்தாலும் ஏச்சு விழும்.

பதில் சொல்ல வேண்டிய ஆள் கைகழுவும் தொட்டிக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்து, கொலர் வைத்த வெள்ளைச் சேட்டை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, லெ பிளாங்-மெனில் ஆக்கள் பின்னேரம் ஓடர் எடுக்க வருவினம். அவையின்ரை பிள்ளைக்குக் கோயிலிலை முதல் நன்மைக் கொண்டாட்டம். ஒரு தட்டுக் குறைஞ்சாலும் எங்கடை மானம் போயிடும்."

"அதுக்குள்ளை வந்திடலாம். நீர் சப்பாத்தை மாத்தும். குதி வைச்ச சப்பாத்தோடை புல்லுக்குள்ளை விடமாட்டினம்."

மரியநாயகிக்கு உச்சந்தலை சூடேறியது. கடையையும் விட்டு, சப்பாத்தையும் மாற்ற வேண்டுமாம்.

மடுத்தீனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பாரிஸில் லா சப்பல் மெத்ரோவில் இறங்கி ரோல்ஸ் கடை எங்கே என்று கேட்டால், எல்லாரும் அவருடைய கடையைத்தான் கைகாட்டுவார்கள். இந்தத் தெருவுக்கு வந்த காலம் முதல் மாவும் எண்ணெயும் தவிர வேறு நினைப்பில்லாமல் இருந்த மனிதருக்கு, போன கார்த்திகையிலிருந்து கோல்ஃப் பைத்தியம். செவ்வாய்க்கிழமை விடிந்தால் பழைய பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆர்.இ.ஆர். ரயில் ஏறி, பிறகு பஸ் பிடித்து, புறநகரில் இருக்கும் ஒரு மைதானத்துக்குப் போய்விடுவார்.

அங்கேயும் பயிற்சித் திடலில் நின்று பந்தடிக்க மட்டும்தான் அனுமதி. உள்ளே போய் முறையாக ஆட வேண்டுமென்றால் 'கார்த் வேர்த்' என்ற பச்சை அட்டை வேண்டும். புதிதாகப் பழகுபவர்களுக்கு அதுதான் சான்று. விதிகளில் கேள்வி கேட்பார்கள். பிறகு ஒன்பது குழிகள் ஆடிக் காட்ட வேண்டும். ஆடும்போது நடத்தையையும் கவனிப்பார்கள்.

மடுத்தீன் ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றிருந்தார். முதல் தடவை கேட்ட கேள்விகளின் பிரெஞ்சு அவருக்கு விளங்கவில்லை. அடுத்த தடவை, பக்கத்து ஆள் பந்தடிக்கக் கையை ஓங்கிய நேரம் பார்த்து இவருடைய போன் அடித்தது. எடுத்து, கடையில் விற்கும் மிதிவெடி என்ற முட்டை ரோல்ஸுக்காக, "மிதிவெடிக்கு முட்டையை நாலாய் வெட்டு, ரெண்டாய் வெட்டாதை!" என்று மைதானமே கேட்கக் கத்தினார். பரீட்சை அந்த இடத்திலேயே முடிந்தது.

இன்று மூன்றாவது தடவை. கேள்விகளை மொழிபெயர்க்க யாரையாவது கூட்டிவரலாம் என்று பயிற்சி கொடுக்கும் மதாம் சொல்லியிருந்தார். கல்லாவில் நின்று நின்றே பிரெஞ்சு பழகியவள் மரியநாயகி. எனவே அவள் போக வேண்டியதாயிற்று.

உண்மையில் இந்த வேலைக்கு உரிய ஆள் சாண்ட்ரா. பாரிஸில் பிறந்து வளர்ந்த பிள்ளை. ஆனால் அவள் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

ஒரே மகள். காப்புறுதிக் கந்தோரில் நல்ல வேலை. லண்டன் மாப்பிள்ளை பார்த்து, மண்டபம் பிடித்து, கோயிலில் கலியாண அறிவித்தல் ஓலை வாசித்து, எல்லாம் முடிந்த பிறகு, போன ஐப்பசியில் ஒரு நாள் கடைக்கு வந்து, "இந்தக் கலியாணம் எனக்கு வேண்டாம்" என்றாள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கடை நிறைய ஆட்கள். மடுத்தீன் எண்ணெய்க் கரண்டியைக் கையில் பிடித்தபடியே, "அப்ப இனி இந்தப் படி ஏறாதை!" என்று கத்தினார். அன்றைக்கே சாண்ட்ரா சென் தெனியில் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு தகப்பனும் மகளும் பேசவில்லை. தாய்க்கும் மகளுக்கும் மட்டும் ஒரு களவு ஏற்பாடு இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் சாண்ட்ராவுக்கு வீட்டிலிருந்தே வேலை. மத்தியானம் கடைக்கு வருவாள். பின்பக்கத்தில் மா மூட்டைக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவாள். தகப்பன் வருவதற்குள் போய்விடுவாள். கஜானியிடம் மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கியிருந்தாள் மரியநாயகி. அந்தப் பிள்ளை பிள்ளையார் கும்பிடுகிறவள். ஆனாலும் சத்தியம் செய்தாள்.

ஆகவே கோல்ஃப் மேல் எவ்வளவு எரிச்சல் இருந்தாலும், செவ்வாய்க்கிழமைக் கோல்ஃபை மட்டும் மரியநாயகி மனதுக்குள் மன்னித்திருந்தாள். இன்று சனிக்கிழமை. இதற்கு மன்னிப்பே கிடையாது.

மைதானத்து வாசலில், பயிற்சி கொடுக்கும் பியட்றிஸ் மதாம் காத்திருந்தார். வெயிலில் சிவந்த முகம், தொப்பி, கையில் ஒரு பென்சில். பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பையன் நின்றான்.

"வணக்கம் ஆன்ட்டி! நான் நிதிஷ். அங்கிளும் நானும் ஒரே பேட்ச். எனக்கும் இன்னைக்குத்தான் டெஸ்ட்."

சென்னைப் பிள்ளை. ஏதோ கம்ப்யூட்டர் கம்பனியில் வேலையாம். சிரித்த முகம். இந்தப் பைத்தியத்துக்குத் துணைக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு என்று மரியநாயகி நினைத்துக்கொண்டாள்.

முதலில் கேள்விகள். நிதிஷ் படபடவென்று பதில் சொல்லித் தேறிவிட்டான். பிறகு மடுத்தீன் வாங்கில் வந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, பூசைக்கு இருப்பது போல் நிமிர்ந்து இருந்தார்.

"நீங்கள் அடித்த பந்து ஆட்கள் நிற்கும் பக்கம் போகிறது. என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார் பியட்றிஸ்.

"உங்கடை பந்து ஆக்கள் நிக்கிற பக்கம் பறக்குதாம். என்ன செய்வியளாம்?"

"கத்துவன்."

"என்னெண்டு?"

"பல்!" என்று பந்தின் பிரெஞ்சுப் பெயரை அடிவயிற்றிலிருந்து கத்திக் காட்டினார் மடுத்தீன். பயிற்சித் திடலில் நின்ற இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பியட்றிஸ் காதைத் தடவியபடி அடுத்த கேள்விக்குப் போனார். "பந்து மணல் பள்ளத்தில் விழுந்தது. அடித்து வெளியே எடுத்துவிட்டீர்கள். பிறகு?"

"அங்கை ஒரு வாரி கிடக்கும். அதாலை மணலை இழுத்துச் சமனாக்கி, என்ரை கால் அடையாளத்தை அழிச்சிட்டுத்தான் வெளிக்கிடுவன்."

மரியநாயகியால் அதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டுப் போக முடியவில்லை. "ஓமோ? வீட்டிலை நீங்கள் குளிச்சிட்டு வந்தால் நிலம் முழுக்கத் தண்ணி. எத்தினை வருசமாய் நான் துடைக்கிறன்? ஒருநாள், ஒரேயொரு நாள் துடைச்சிருப்பியளா?"

"நாயகி, சோதினை நடக்குது."

"அவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் பியட்றிஸ்.

"மணலைச் சமப்படுத்துவாராம்."

"நீங்கள் அதைவிட நிறையப் பேசினீர்களே?"

"எங்கள் மொழியில் அதற்கு நிறையச் சொற்கள் தேவை, மதாம்."

நிதிஷ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான்.

"கடைசிக் கேள்வி. உங்களுக்குப் பின்னால் வருபவர்கள் உங்களைவிட வேகமாக ஆடுகிறார்கள். என்ன செய்வீர்கள்?"

"ஒரு பக்கமாய் ஒதுங்கி நிண்டு வழி விடுவன். அவை போனாப் பிறகு நான் ஆடுவன்."

தயங்காமல் சொன்னார். மரியநாயகி புருஷனை உற்றுப் பார்த்தாள். மெத்ரோ வாசலில் கூட யாருக்கும் வழிவிடாத மனிதர்! இந்த மதாம் இவரை எந்த மந்திரத்தால் இப்படி ஆக்கினாள்?

கேள்விகளில் தேறிவிட்டார். இனி ஆட வேண்டும்.

வெளியிலிருந்து பார்க்க அழகாகத் தெரிந்த புல்வெளி, நடக்க நடக்க முடியவே இல்லை. மரியநாயகி மைதானத்துச் சில்லு வண்டியில் ஏற்றிய பையை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். மேடு, பள்ளம், பிறகும் மேடு. பேசக் கூடாது என்று பியட்றிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். யாராவது அடிக்கக் கை ஓங்கினால் நிழல்கூட அசையக் கூடாதாம். பூசையில்கூட இவ்வளவு அமைதி கேட்பதில்லை.

மடுத்தீன் மோசமாக ஆடவில்லை. தூரமாக அடிக்கத் தெரியாது. ஆனால் நேராக அடித்தார். குழிக்குக் கிட்டப் போனதும், ரோல்ஸ் சுற்றும் அதே கவனத்தோடு குனிந்து மெல்லத் தட்டினார்.

பாதி தாண்டிய பிறகு அவருடைய பந்து ஒரு பற்றைக்குள் போய் மறைந்தது. அவரும் பியட்றிஸும் தேடப் போனார்கள். நிதிஷும் மரியநாயகியும் ஒரு மரத்தடியில் நின்றார்கள்.

"அங்கிள் செம டெடிகேட்டட் ஆன்ட்டி," என்றான் நிதிஷ், தாழ்ந்த குரலில்.

"கடையிலை இருக்கிற வேலைக்கு உந்த டெடிகேசனைக் காட்டினால் நல்லாயிருக்கும் தம்பி."

"இல்ல ஆன்ட்டி, நெஜமாவே. பிப்ரவரில ஒரு நாள் பேய் மழை. க்ளாஸ் கேன்சல், எல்லாரும் கெளம்பிட்டோம். அங்கிள் மட்டும் அந்த ஷெட்டுல குளிர்ல நின்னுட்டிருந்தார். வாங்க, கார்ல டிராப் பண்றேன்னு கூப்பிட்டேன், வரலை. ஏன் அங்கிள்னு கேட்டா, 'இண்டைக்கு மகள் கடைக்கு வாற நாள். நான் அங்கை நிண்டால் அவள் வரமாட்டாள்'னு சொன்னார்."

மரியநாயகி வண்டியின் கைப்பிடியை விட்டுவிட்டாள். அது சரிவில் கொஞ்சத் தூரம் தானாக உருண்டு போனது. நிதிஷ் ஓடிப்போய்ப் பிடித்தான்.

"என்ன சொன்னவர்?"

"அதான் ஆன்ட்டி, செவ்வாய்க்கிழமை அவர் சாமான் வாங்கப் போற நேரத்துல உங்க பொண்ணு வருவாங்களாமே? ஒரு நாள் தூரத்துலேர்ந்து பாத்துட்டாராம். அதனாலதான் அன்னைக்கு அவர் வெளிய வந்துடறாராம். மொதல்ல எங்க போறதுன்னு தெரியாம ஆர்.இ.ஆர்.ல சும்மா போய் வந்துட்டிருந்தாராம். ஒரு நாள் ஏதோ பஸ்ல ஏறி, தப்பான ஸ்டாப்ல எறங்கி, இங்க வந்து மாட்டிக்கிட்டார்." சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்துத் திகைத்தான். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்…"

எல்லாம் தெரிந்திருக்கிறது. மா மூட்டையும், மத்தியானச் சாப்பாடும், கஜானியின் சத்தியமும். எட்டு மாதமாக நெஞ்சு படபடக்கக் கதவைப் பார்த்துப் பார்த்து அவள் மகளுக்குச் சோறு போட்டிருக்கிறாள். இந்த மனிதர் தெரிந்துகொண்டே குளிருக்குள் போய் நின்றிருக்கிறார்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம்தான்.

பற்றைக்குள்ளிருந்து பந்தோடு வெளியே வந்த மடுத்தீன், பெண்சாதியின் முகத்தைக் கண்டு அப்படியே நின்றார்.

"என்ன?"

"உங்கடை வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையா?" சத்தம் போட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு இரகசியமாகத்தான் ஏச வேண்டியிருந்தது. "பிள்ளை வாறது தெரியுமெண்டால் ஒரு சொல்லுச் சொல்லுறதுக்கு என்ன?"

மடுத்தீன் நிதிஷைப் பார்த்தார். நிதிஷ் வானத்தைப் பார்த்தான்.

"சொன்னால் நீர் அவளிட்டைச் சொல்லுவீர். தனக்காகத்தான் நான் வெளியிலை போறன் எண்டு தெரிஞ்சால் அவளும் வாறதை விட்டிடுவாள்."

"அப்ப கூப்பிட்டுக் கதைக்கிறதுக்கு என்ன?"

"என்னெண்டு கதைக்கிறது? ஆக்களுக்கு முன்னாலை ஏறாதை எண்டு சொன்னது நான்."

"மதாம், முசியே," என்றார் பியட்றிஸ், பென்சிலால் தொடையைத் தட்டியபடி. "ஏதாவது பிரச்சினையா?"

"ஒன்றுமில்லை மதாம். பந்து கிடைத்த சந்தோஷம்," என்றாள் மரியநாயகி.

மடுத்தீன் அடுத்த பந்தைக் கோணலாக அடித்தார். அதற்கடுத்ததை அதைவிடக் கோணலாக அடித்தார். குழியில் பந்து விழும்வரை மரியநாயகி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நல்லாய் அடிக்கட்டும் என்று ஒரு மனம், கோல்ஃப் பொல்லைப் பறித்து நாலு போடு போடலாம் என்று இன்னொரு மனம்.

கடைசிக்கு முந்தின குழி. நிதிஷ் அடிக்கத் தயாராகிக் கையை ஓங்கினான். காற்றுக்கூட அடங்கியிருந்தது.

அப்போது ஒரு போன் அலறியது.

பியட்றிஸ் உடனே மடுத்தீனைப் பார்த்தார். மடுத்தீன் பதறிப்போய்ச் சேட்டுப் பையைத் தடவினார். அவருடையது அணைந்துதான் கிடந்தது. அலறியது மரியநாயகியின் கைப்பைக்குள். ரயிலில் வரும்போது, "போனை நிப்பாட்டினியளா? நிப்பாட்டினியளா?" என்று அவரைக் குடைந்தெடுத்தவள் தன்னுடையதை மறந்துவிட்டாள்.

நிதிஷின் பந்து குளத்துக்குள் போனது.

"பரவால்ல ஆன்ட்டி," என்றான், பையில் வேறு பந்து தேடியபடி.

மரியநாயகி வெட்கத்தில் நாலடி தள்ளிப்போய்ப் போனைக் காதில் வைத்தாள். "என்ன பிள்ளை? எண்ணெய் முடிஞ்சுதா?"

"இல்லை அன்ரி," கஜானியின் குரல் கிசுகிசுத்தது. "சாண்ட்ரா அக்கா வந்து நிக்கிறா."

"இண்டைக்கா? இண்டைக்குச் சனிக்கிழமையெல்லே!"

"அங்கிளைக் காண வேணுமாம். சனிக்கிழமை எண்டால் அவர் கட்டாயம் கடையிலை நிப்பார் எண்டுதான் வந்தவவாம். நான் கோல்ஃபுக்குப் போட்டார் எண்டு சொன்னன், நம்புறாவில்லை. அன்ரி… பெரிய சூட்கேஸ் ஒண்டும் கொண்டு வந்திருக்கிறா."

மரியநாயகிக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. எட்டு மாதமாக நடந்திராதது, வருடம் முழுக்க நாள் கிடக்க, இவர்கள் இரண்டு பேரும் கடையில் இல்லாத ஒரேயொரு சனிக்கிழமையில் நடக்கிறது!

"சாண்ட்ரா சூட்கேஸோடையோ? விடாதை. தேத்தண்ணி போட்டுக் குடு. ஏதாவது வேலை குடு. நாங்கள் வந்திடுறம்."

திரும்பினால் மடுத்தீன் பக்கத்தில் நின்றார். எல்லாம் கேட்டிருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"சூட்கேஸ் எண்டால்… திரும்பி வாறாளோ?"

"எனக்கென்ன தெரியும்?"

அவர் கையிலிருந்த பொல்லைப் புல்லில் போட்டுவிட்டு வாசல் பக்கம் நடக்கத் தொடங்கினார். பந்து, பை, பரீட்சை ஒன்றும் அவர் கண்ணில் இல்லை.

"முசியே மடுத்தீன்!" என்று கூப்பிட்டார் பியட்றிஸ்.

"அங்கிள், நில்லுங்க!" நிதிஷ் ஓடினான். "இப்பப் போனா பஸ்சுக்கு நிக்கணும், அப்புறம் ட்ரெயினுக்கு நிக்கணும். நான் கார்ல கொண்டுபோய் விடறேன். ஆனா என் டெஸ்ட் முடியணும். இன்னும் ஒண்ணரைக் குழிதான்."

மடுத்தீன் நடுவழியில் நின்று மரியநாயகியைப் பார்த்தார். கடையில் சில்லறை இல்லாமல் போனால், வாடிக்கைக்காரர் சண்டைக்கு வந்தால், வருமானவரிக்காரர் வந்தால் பார்க்கும் அதே பார்வை. நீயே ஒரு வழி சொல்லு என்ற பார்வை.

"தம்பி சொல்லுறது சரி," என்றாள் மரியநாயகி. "பஸ் தரிப்பிலை நிண்டு என்ன செய்யப் போறியள்? இவ்வளவு தூரம் என்னை இழுத்துக்கொண்டு வந்தாச்சு. வந்து அடியுங்கோ. கெதியாய் அடியுங்கோ!"

அந்த மைதானத்தில் அவ்வளவு வேகமாக யாரும் ஆடியிருக்க மாட்டார்கள். மடுத்தீன் ஓட்டமும் நடையுமாகப் போனார். கடைசிக் குழியில் அவருடைய பந்து மணல் பள்ளத்தில் விழுந்தது. மூன்று தடவை அடித்துத்தான் வெளியே வந்தது. அவ்வளவு அவசரத்திலும் அவர் வாரியை எடுத்து மணலை இழுத்துச் சமனாக்கினார். மரியநாயகி கரையில் நின்று தலையில் கைவைத்தாள்.

"எத்தனை அடி?" என்று கேட்டார் பியட்றிஸ், கடைசியாகப் பந்து குழிக்குள் விழுந்ததும்.

மடுத்தீன் விரல் விட்டு எண்ணி, மணலில் போன மூன்றையும் சேர்த்துப் பிரெஞ்சில் சொன்னார். பியட்றிஸ் தன் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு இரண்டு பேருக்கும் கை கொடுத்தார். "வாழ்த்துகள். இரண்டு பேரும் தேறிவிட்டீர்கள்."

நிதிஷ் துள்ளினான். மரியநாயகி கையை நீட்டினாள். "அட்டையைத் தாருங்கள் மதாம், எங்களுக்கு அவசரம்."

"அட்டையா? அட்டை என்று ஒன்றும் இல்லை. கணினியில் பதிந்துவிடுவேன். அவ்வளவுதான்."

மரியநாயகி நீட்டிய வெறுங்கையைப் பார்த்தாள். பச்சை அட்டை, பச்சை அட்டை என்று மாதக்கணக்கில் வீட்டில் கேட்ட பாட்டு. கடையை விட்டு, சப்பாத்தை மாற்றி, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி, கடைசியில் கையில் பிடித்துப் பார்க்க ஒரு துண்டு மட்டையும் இல்லை!

"செவ்வாய்க்கிழமை சந்திப்போம், முசியே. இனி நீங்கள் உள்ளே ஆடலாம்," என்றார் பியட்றிஸ்.

மடுத்தீன் பையை மூடிக்கொண்டு நின்றார். "செவ்வாய்க்கிழமை…" என்று பிரெஞ்சில் தொடங்கி, சொல் வராமல் பெண்சாதி பக்கம் திரும்பினார். "நாயகி, இனிச் செவ்வாய்க்கிழமையிலை நான் கடையிலை நிப்பன் போலை கிடக்கு, வேறை நாள் பாப்பம் எண்டு சொல்லும்."

மரியநாயகி அதை மொழிபெயர்த்தாள். புல்லின் தூசு என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நிதிஷின் கார் போர்த் து லா சப்பலில் வந்து வாகன நெரிசலில் சிக்கி நின்றது. மடுத்தீன் முன் இருக்கையில் இருந்து கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

"அவளிட்டை முதல்லை என்ன சொல்ல?"

"எட்டு மாசம் கிடந்ததே, அப்ப யோசிச்சிருக்கலாம்," என்றாள் மரியநாயகி. கொஞ்ச நேரம் கழித்து, "மனசிலை இருக்கிறதைச் சொல்லுங்கோ," என்றாள்.

கடைக்குள் சனிக்கிழமைக் கூட்டம். கல்லாவில் சாண்ட்ரா நின்றாள். தாயின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, தமிழுக்குத் தமிழும் பிரெஞ்சுக்குப் பிரெஞ்சுமாக, பெட்டிகளில் பற்றிஸ் பலகாரம் அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தாடையும் புருவமும் அச்சொட்டாகத் தகப்பன்தான். சுவரோரம் நீல நிற சூட்கேஸ்.

தகப்பனைக் கண்டதும் கை நின்றது.

மடுத்தீன் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"பற்றிஸைச் சூடாக்கிக் குடுத்தனியா? இல்லை, அப்பிடியே குடுக்கிறியா?"

மரியநாயகிக்குச் சுவரில் தலையை மோத வேண்டும் போல் இருந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு மகளிடம் கேட்கும் முதல் கேள்வி!

"சூடாக்கித்தான் குடுக்கிறன் அப்பா," என்றாள் சாண்ட்ரா.

மடுத்தீன் உள்ளே வந்தார். கோல்ஃப் பையை நிலத்தில் வைத்தார். "அண்டைக்கு நான் ஆக்களுக்கு முன்னாலை கத்தினனான்," என்றார். "அது பிழை. அதுதான் ஆக்களுக்கு முன்னாலையே சொல்லுறன். இது உன்ரை கடையும்தான்."

வரிசையில் நின்ற ஒரு கிழவர் தன் பெட்டியை வாங்க மறந்து நின்றார். சாண்ட்ரா ஏப்ரனின் நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு கல்லாவைச் சுற்றிக்கொண்டு வந்து தகப்பனுக்கு முன்னால் நின்றாள்.

"அப்பா, உங்களோடை ஒரு விசயம் கதைக்க வேணும். இப்பவே."

"ஓம், வா பின்னுக்கு," என்று மரியநாயகி முந்திக்கொண்டாள்.

"நோன், அம்மா. நீங்கள் நில்லுங்கோ. அப்பாவோடை தனியக் கதைக்க வேணும்."

ஏப்ரனைக் கழற்றித் தாயின் கையில் கொடுத்துவிட்டு, சூட்கேஸை இழுத்துக்கொண்டு சாண்ட்ரா வெளியே போனாள். மடுத்தீன் பின்னால் போனார். எதிர்ப்பக்கக் கஃபேயில் கண்ணாடி ஓரமாக இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

மரியநாயகி ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். ஒளித்து ஒளித்துச் சோறு போட்டவள் இவள். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று எரிந்தவள் இவள். இன்று காலையிலிருந்து மொழிபெயர்த்தவளும் இவள். இப்போது தேவையில்லாத ஆளும் இவள்தானாம்! ரோல்ஸை எண்ணெயில் போடும்போது கொஞ்சம் உயரத்திலிருந்தே போட்டாள். கஜானி இரண்டடி விலகி நின்றாள்.

எதிரே சாண்ட்ராதான் பேசினாள். மடுத்தீன் முதலில் தலையை ஆட்டினார். பிறகு ஆட்டுவதை நிறுத்தினார். பிறகு மேசையில் கிடந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

மரியநாயகி ஒரு வாடிக்கைக்காரருக்கு மிச்சம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, கஃபேயின் மேசை காலியாக இருந்தது.

அவள் வாசலுக்கு வந்து பார்த்தாள். தெருவில் இரண்டு பேரும் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். சூட்கேஸ் மடுத்தீனின் கையில். வீடு இருப்பது மார்க்ஸ் டோர்மோய் பக்கம். அவர்கள் போனது எதிர்ப்பக்கம், கார் து நோர் ரயில் நிலையத்தை நோக்கி. லண்டன் ரயில் புறப்படும் இடம்.

"இஞ்சாருங்கோ! எங்கை போறியள் ரெண்டு பேரும்?"

மடுத்தீன் திரும்பிப் பார்த்தார். பொறு என்று ஒரு கையை உயர்த்திக் காட்டினார். பிறகு மகளின் பக்கம் குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டே நடந்தார்.

லண்டனா? வேண்டாம் என்று விட்ட மாப்பிள்ளையின் ஊருக்கா? தகப்பன் கூடப் போகிறாரா, ஏற்றிவிடப் போகிறாரா? பிள்ளை திரும்பி வருவாளா?

மரியநாயகி ஏப்ரனின் முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள்.

"கஜானி, கல்லாவைப் பார்."

"அன்ரி! லெ பிளாங்-மெனில் ஆக்கள் வந்தால் என்ன சொல்லுறது?"

"அன்ரி ஸ்டேசனுக்குப் போட்டா எண்டு சொல்லு."

கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாவு ஒட்டிய கையோடு, மரியநாயகி தெருவில் இறங்கி நடந்தாள். கொஞ்சத் தூரம் போனதும் ஓடினாள்.